செம்மறிகளுக்குக் கேட்ட விமானம்

பாய் முதல் தடவை எங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது, பேசத் தொடங்கும் முன் செல்போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். பின்கதவு திறந்து கிடக்கும் ஒரு லாரி. உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாகச் செம்மறிக் கிடாய்கள். எல்லாவற்றுக்கும் கண் திறந்திருந்தது.

"போன ஹஜ்ஜுப் பெருநாளைக்கு அனுப்புனது தங்கச்சி. மலைப் பாதையில ஒரு பஸ்ஸு பிரேக் டவுன் ஆகி ரோட்டை அடைச்சுக்கிருச்சு. வெக்கைன்னா வெக்கை. மேல நின்னது பொழைச்சுச்சு. கால் மடங்கிக் கீழ விழுந்தது அம்புட்டும் மூச்சு முட்டிப் போச்சு."

படத்தை நான் அதற்கு மேல் பார்க்கவில்லை. அவர் செல்போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கேட்டார். "நம்ம மதுரையில ஏர்போர்ட் இருக்கு. இங்கருந்து நேரா ஏத்த முடியாதா?"

நான் அப்போது விமானத்தில் சரக்கு அனுப்பும் ஒரு சிறிய நிறுவனத்தில் ஆவணப் பிரிவில் இருந்தேன். பிரிவு என்றால் நான் ஒருத்திதான். மல்லிகைப்பூ, முருங்கைக்காய், கப்பலூர்த் தொழிற்பேட்டையில் செய்யும் ரப்பர் சாமான்கள் என்று சின்னச் சின்னப் பெட்டிகளைப் பயணிகள் விமானத்தின் வயிற்றில் இடம் பிடித்து வெளிநாட்டுக்கு அனுப்புவோம். பெரிய சரக்கென்றால் லாரியில் ஏற்றி வேறு ஊர் விமான நிலையத்துக்கு அனுப்பிவிடுவோம். பாயும் வருடா வருடம் அப்படித்தான் கம்பம் வழியாக மலை ஏறி, பக்கத்து மாநிலத்து விமான நிலையத்தில் வளைகுடா நாட்டுக்கு ஆடு ஏற்றிக்கொண்டிருந்தார். நாங்கள் அதுவரை உயிருள்ள எதையும் அனுப்பியதில்லை.

எங்கள் முதலாளியை நான் அண்ணே என்று கூப்பிடுவேன். கெட்ட மனிதர் என்று இப்போதும் சொல்ல மாட்டேன். பெரிதாக எதையாவது செய்து ஊர் தன்னைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு எப்போதும் உண்டு. பாய் கேட்டதும் அவர் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆனது.

"சார்ட்டர் போட்டுருவோம் பாய். முழு விமானத்தையும் நாம வாடகைக்கு எடுக்குறோம். நம்ம பெருங்குடி ஏர்போர்ட்டுல எறங்குது, ஆட்டை ஏத்துறோம், பறக்குது. தெக்குச் சீமையில எவனும் செய்யாதது."

"லேசா கிடைக்குமா அது?"

"அனுமதி வாங்குறது எங்க வேலை. நீங்க ஆட்டைப் பாருங்க."

அந்த 'எங்க வேலை' என்பது என் வேலை என்று எனக்கு அன்றே தெரிந்திருந்தது.

வெளிநாட்டுக் கம்பெனியின் சரக்கு விமானம் ஒன்று அட்டவணையில் இல்லாமல் தனியாக நம் ஊருக்கு வந்து சரக்கெடுத்துப் போக வேண்டுமென்றால் டெல்லியில் அனுமதி வாங்க வேண்டும். இறங்கப் போகிற நாட்டிலும் வாங்க வேண்டும். ஆடு என்பதால் கால்நடை மருத்துவச் சான்று தனி. அந்தச் சான்றுக்கு ஆடுகளை முன்கூட்டியே ஓரிடத்தில் அடைத்து, வேறு ஆடு மாடு எதுவும் நெருங்காமல் காத்து, ரத்தம் எடுத்துச் சோதித்து, ஊசி போட்டு, காதில் மஞ்சள் வில்லை மாட்ட வேண்டும். ரத்தச் சோதனை கொஞ்ச நாளைக்குத்தான் செல்லும். அதற்குள் விமானம் ஏறிவிட வேண்டும். ஏறாவிட்டால் திரும்பவும் ரத்தம்.

ஓடாமல் கிடந்த ஒரு மில் கொட்டகையைக் கப்பலூரில் பாய் பிடித்தார். ஆடுகளைக் கவனிக்க ஒரு கிடைக்காரரைக் கூட்டி வந்தார். திருமங்கலத்துக்குத் தெற்கே கரிசல் காடுகளில், அறுவடை முடிந்த நிலங்களில் எருவுக்காக ஆடுகளை அடைத்துக் கிடை போடுகிறவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். கொட்டகையில் இருந்த ஆடுகளில் பாதிக்கு மேல் அவருடையவை. மீதி பாய் பல இடங்களில் வாங்கியவை. தினம் மைல் கணக்கில் நடந்து பழகிய ஆடுகள் தகரக் கூரைக்குக் கீழே நின்ற இடத்தில் நின்றன. அவரும் கூடவே நின்றார்.

விமானக் கம்பெனி ஒரு நிபந்தனை போட்டது. ஆடுகளோடு அவற்றைத் தெரிந்த ஒருவர் கூட வர வேண்டும். பாய் யோசிக்காமல் கிடைக்காரரைக் கை காட்டினார். அவருக்குப் பாஸ்போர்ட் எடுக்க நான்தான் கூடப் போனேன். விரல் ரேகை இயந்திரத்தில் விழவே இல்லை. ரேகை தேய்ந்துபோயிருந்தது. அங்கே ரேகை எடுத்த பெண் ஈரத் துணி கொடுத்துத் துடைக்கச் சொல்லி, மறுபடி மறுபடி வைக்கச் சொல்லி, கடைசியில் எப்படியோ விழுந்தது. வெளியே வந்ததும் டீ குடிக்கும்போது கேட்டார்.

"பிளேன்ல சன்னல் இருக்குமா தாயி?"

"சரக்கு விமானம்ணே. ஆடு நிக்கிற இடத்துல இருக்காது."

"அதுவும் நல்லதுக்குத்தான். வெளிய பாத்தா மிரளும்."

ஆட்டைச் சொன்னாரா தன்னைச் சொன்னாரா என்று தெரியவில்லை. சிரித்தார்.

டெல்லிக்கு விண்ணப்பம் போனது. முதல் பதில் வந்தது: இறங்கும் நாட்டின் அனுமதியை இணைக்கவும். அந்த நாட்டுக்கு எழுதினேன். அவர்கள் பதில்: புறப்படும் நாட்டின் அனுமதியை இணைக்கவும். இதை டெல்லிக்கு எழுதினேன். அவர்கள் விமானிகளின் பெயரும் பாஸ்போர்ட்டும் கேட்டார்கள். விமானக் கம்பெனியைக் கேட்டால், அனுமதி எண் வந்தால்தான் விமானத்தையே ஒதுக்குவோம், விமானம் ஒதுக்கினால்தான் விமானி யாரென்று தெரியும் என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் தப்பில்லை. யார் சொன்னதிலும் தப்பில்லை. அதுதான் என்னை இன்றுவரை கோபப்படுத்துகிறது. சண்டை போடக்கூட ஆள் இல்லை.

டெல்லியில் எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு குரல். இளைஞர் என்று நினைக்கிறேன். ஒரு நாளும் எரிந்து விழுந்ததில்லை. காலை வணக்கம் சொல்வார், பெயரைச் சரியாக உச்சரிப்பார், "கோப்பு பரிசீலனையில் இருக்கிறது மேடம்" என்பார். யார் பரிசீலிக்கிறார்கள் என்று கேட்டால், "உரிய அதிகாரி மேடம்" என்பார். ஒருநாள் மட்டும் அவரே கூப்பிட்டார். மதுரையிலிருந்து இதற்கு முன் ஆடுகள் விமானத்தில் போன முன்னுதாரணம் உண்டா, உண்டென்றால் அந்த அனுமதியின் நகலை அனுப்ப முடியுமா என்று கேட்டார்.

"முன்னுதாரணம் இல்லை என்பதால்தான் முதல்முறையாக அனுமதி கேட்கிறோம்" என்று பதில் தட்டினேன். அண்ணன் பின்னால் நின்று படித்துவிட்டு அழிக்கச் சொன்னார்.

"குத்தலா எழுதாதம்மா. கோவிச்சுக்கிட்டா நம்மளுக்குத்தான் கேடு. 'தங்கள் மேலான கவனத்துக்கு'ன்னு போடு."

போட்டேன். தங்கள் மேலான கவனத்துக்கு, தங்கள் கனிவான பரிசீலனைக்கு, பணிவுடன் நினைவூட்டுகிறோம். அந்த வருடம் நான் எழுதிய அளவுக்குப் பணிவை என் வாழ்க்கையில் வேறு எப்போதும் செலவழித்ததில்லை. மிஷன் பள்ளியில் ஆசிரியையாக இருந்த என் அம்மா சின்ன வயதில் எனக்கு இங்கிலீஷ் கட்டுரை திருத்தித் தந்தது இதற்காகத்தானா என்று ஒரு சாயங்காலம் ஆனையூர் பஸ்ஸில் நின்றுகொண்டே நினைத்தேன்.

அண்ணன் ஒருமுறை டெல்லிக்கே போய் வந்தார். ஒரு பெரிய கட்டடத்தின் படிக்கட்டில் எடுத்த படத்தை எல்லோருக்கும் அனுப்பினார். "பாக்க வேண்டிய ஆளைப் பாத்துட்டேன்" என்றார். யாரை என்று சொல்லவில்லை.

இதற்கிடையில் ரத்தச் சோதனை காலாவதியானது. கால்நடை மருத்துவர் மறுபடி வந்து ரத்தம் எடுத்தார். இரண்டாம் தடவை கொட்டகைக்கு நானும் போயிருந்தேன். ஆடுகள் மெலிந்திருந்தன. தீனி குறைவில்லை, பாய் அதில் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. "தீனி எம்புட்டு வச்சாலும் நடக்காத ஆடு திங்காது தாயி" என்றார் கிடைக்காரர். வெளியே ஓட்டி ஒரு சுற்று நடத்திக்கொண்டு வரட்டுமா என்று மருத்துவரிடம் கேட்டார். வெளியே விட்டால் சான்று செல்லாது என்றார் மருத்துவர். பாவம், அவருக்கும் அது சொல்லப் பிடிக்கவில்லை.

பெருநாள் நெருங்க நெருங்கப் பாய் தினமும் அலுவலகத்துக்கு வந்து உட்கார ஆரம்பித்தார். எதுவும் கேட்க மாட்டார். நான் டெல்லிக்குப் போன் போடும்போது என் முகத்தை மட்டும் பார்ப்பார். போனை வைத்ததும், "சரி, இன்ஷா அல்லாஹ், நாளைக்கு" என்று எழுந்து போய்விடுவார்.

கடைசியில் வளைகுடா நாடுதான் இறங்கி வந்தது. நிபந்தனையோடு ஓர் அனுமதியைத் தந்தது. அதைப் பிடித்துக்கொண்டு விமானம், விமானி, டெல்லி என்று ஒவ்வொன்றாக நகர்ந்தன. ஒரு காலையில் மின்னஞ்சல் வந்தது. முதல் வரியில் 'அனுமதி வழங்கப்படுகிறது' என்று பார்த்ததுமே அண்ணன் கத்திவிட்டார். ஆளை அனுப்பி அல்வா வாங்கி வரச் சொன்னார். பாய்க்குப் போன் போட்டார். நான் இரண்டாம் பக்கத்தைத் திறந்தேன். புறப்படும் இடம் என்ற கட்டத்தில் மதுரை இல்லை. இயக்க வசதி கருதி மாற்றப்பட்டிருப்பதாக ஒரு வரி. மாற்றித் தந்த இடம், மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் அதே விமான நிலையம்.

பாய் வந்தபோது அல்வா மேசையில் இருந்தது. நான்தான் சொன்னேன். அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அப்ப மறுபடியும் லாரியா?"

"ஆமா பாய்."

"இதுக்கா தங்கச்சி இம்புட்டு நாளு அடைச்சு வச்சோம்?"

அண்ணன் திரும்பினார். "எங்கிட்டிருந்து போனா என்ன பாய்? பறக்கணும். அம்புட்டுத்தான? இதையும் விட்டா இந்தப் பெருநாளு போயிரும்."

பாய் அல்வாவைத் தொடாமல் எழுந்து போனார். டெல்லிக்குக் கூப்பிட்டேன். அந்தக் குரல் வாழ்த்துச் சொன்னது. மதுரை ஏன் இல்லை என்றதற்கு, அது தனிக் கோப்பு, அது பரிசீலனையில் இருக்கிறது என்றது.

லாரிகள் விடியும்போது கிளம்பின. பாய் பிடிவாதமாக லாரிக்கு ஆடுகளைக் குறைத்து, கூடுதல் லாரி பிடித்திருந்தார். பாய் கடைசி லாரியில். கிடைக்காரர் முதல் லாரியில் ஏறிக்கொண்டார். புதுச் சட்டை, வாழ்க்கையில் முதல்முறையாகப் பேன்ட். தோளில் ஒரு பை. அசல் காகிதங்கள் கையில் வேண்டும் என்பதால் நான் அண்ணன் காரில் பின்னால் போனேன்.

கோடை விடுமுறை. மலைக்குச் சுற்றுலாப் போகிற கார்கள் கம்பத்திலிருந்தே வால் நீட்டி நின்றன. உச்சி வெயிலில் மலையடிவாரத்தில் வண்டிகள் அசையவில்லை. காருக்குள் ஏசி போட்டு உட்கார்ந்திருந்த குடும்பங்கள் ஆடுகளைப் படம் எடுத்தன. கிடைக்காரர் பேன்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, லாரிக்கு லாரி ஏறி இறங்கி, விழுந்த ஆடுகளைக் கொம்பைப் பிடித்துத் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தார். ரோட்டோரக் கடையில் கிடைத்த தண்ணீர்ப் பாட்டில்களையெல்லாம் வாங்கி நானும் அண்ணனும் கொண்டுபோய்க் கொடுத்தோம். அண்ணன் சட்டை முழுக்க நனைந்து, புழுக்கையை மிதித்துக்கொண்டு நின்றார். அந்த ஒரு நாளைக்கு அவரை எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் எழுதிவிட வேண்டும்.

ஆனாலும் செத்தன. போன வருடத்தைவிடக் குறைவு என்று பாய் பிறகு சொன்னார், என்னைத் தேற்றுவதற்காக.

விமான நிலையத்தின் சரக்குக் கொட்டகையில் அங்குள்ள கால்நடை மருத்துவர் ஒவ்வோர் ஆடாகப் பார்த்தார். நொண்டியவை, மூச்சு வாங்கியவை, கண் கலங்கியவை எல்லாம் ஒதுக்கப்பட்டன. மீதி மரப்பெட்டிகளுக்குள் ஏறின. விமானம் வந்து நின்றது. நான் நினைத்ததைவிட அழுக்காக, பழையதாக இருந்தது.

அப்புறம்தான் அது நடந்தது. வாசலில் இருந்த காவலர் கிடைக்காரரின் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, கையில் இருந்த தாளைப் பார்த்துவிட்டு, முடியாது என்று தலையசைத்தார். ஆடுகளோடு போகிறவர் பெயரை நாங்கள் மதுரை விண்ணப்பத்தோடு கொடுத்திருந்தோம். வந்த அனுமதியில் விமானிகள் பெயர் மட்டும்தான் இருந்தது. பெயர் இல்லாதவர் ஏற முடியாது. விமானக் கம்பெனிக்காரர்கள் பரவாயில்லை, எங்கள் ஆள் ஒருவர் பார்த்துக்கொள்வார் என்றார்கள். நிபந்தனை போட்டவர்களே அவர்கள்தான்.

டெல்லிக்குப் போன் போட்டேன். அலுவலக நேரம் முடிந்திருந்தது. மணி அடித்துக்கொண்டே இருந்தது.

கிடைக்காரர் ஒன்றும் சண்டை போடவில்லை. பெட்டி ஏற்றுகிற வெளிநாட்டு ஆளிடம் போய், தமிழிலேயே, கையைக் காட்டிக் காட்டிச் சொன்னார். "மேல ஊத்தாதீக. வாயில காட்டுங்க. கொஞ்சம் கொஞ்சமா." அந்த ஆள் புரிந்த மாதிரி கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். விமானம் கிளம்பிய பிறகு என்னிடம் வந்தார்.

"அங்க எறக்குனதும் தண்ணி காட்ட ஆளு இருக்கா தாயி?"

"இருக்கும்ணே" என்றேன். எனக்குத் தெரியாது.

ஒதுக்கிய ஆடுகளைத் திருப்பிக் கொண்டுவர முடியவில்லை. மாநில எல்லையில் காட்ட வேறு சான்று வேண்டும். பாய் அங்கேயே ஒரு வியாபாரியிடம் தள்ளிவிட்டார். அவற்றில் கிடைக்காரரின் ஆடுகளும் இருந்தன. அவர் எங்கள் காரில் வர மறுத்துவிட்டார். "நாத்தமடிக்கும், நீங்க போங்க" என்று பஸ் ஏறிப் போனார்.

பெருநாள் முடிந்து கொஞ்ச நாள் கழித்து இன்னொரு மின்னஞ்சல் வந்தது. பரிசீலனையில் இருந்த அந்தத் தனிக் கோப்பு. மதுரையிலிருந்து செம்மறி ஆடுகளை ஏற்றிச் செல்லும் சரக்கு விமானத்துக்கு அனுமதி வழங்கப்படுகிறது. கூடச் செல்பவர் பெயர்கூடச் சரியாக இருந்தது, எழுத்துப் பிழை இல்லாமல். கொட்டகையில் ஓர் ஆடும் இல்லை. நான் அதை அண்ணனுக்கு அனுப்பிவிட்டு மத்தியானம் லீவு போட்டு வீட்டுக்குப் போனேன்.

அடுத்த வாரம் அது கண்ணாடிச் சட்டத்துக்குள் அலுவலகச் சுவரில் தொங்கியது.

வியாபாரிகள் சங்கம் ஒன்று அண்ணனுக்குப் பாராட்டு விழா வைத்தது. மதுரையிலிருந்து கால்நடைச் சரக்கு விமானத்துக்கு அனுமதி பெற்ற முதல் நிறுவனம் என்று அழைப்பிதழில் போட்டிருந்தார்கள். பேச்சை என்னை எழுதச் சொன்னார்.

"அண்ணே, விமானமே வரலையே."

"அனுமதி வந்துச்சா இல்லையா?"

"வந்துச்சு."

"அதத்தானம்மா போட்டுருக்கான். பொய்யா போட்டுருக்கான்?"

"பாயைக் கூப்பிடலையா?"

"அவரு மேடையில ஏறி எதையாச்சும் பேசிருவாரும்மா."

பேச்சை எழுதிக் கொடுத்தேன். ஓட்டல் அரங்கில் குளிர் நடுக்கியது. அண்ணன் நன்றாகப் பேசினார். தென் மாவட்ட விவசாயிகளின் கனவு என்றபோது கை தட்டினார்கள். எனக்கும் ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். மறுநாள் பேப்பரில் படம் வந்தது. அம்மா அதைக் கத்தரித்துச் சர்ச்சில் பெண்கள் ஐக்கியக் கூட்டத்துக்கு எடுத்துப் போய், என் மகள் மதுரைக்கு விமானம் கொண்டுவந்திருக்கிறாள் என்று எல்லோரிடமும் காட்டினாள். அவர்கள் எனக்காக ஸ்தோத்திரம் சொன்னார்களாம். நடந்ததை அம்மாவிடம் சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

சில மாதங்களில் வேலையை விட்டேன். காரணமாக அம்மாவின் உடம்பைச் சொன்னேன். அண்ணன் வருத்தப்பட்டார், உண்மையாகவே. இப்போது ஒரு பள்ளி அலுவலகத்தில் இருக்கிறேன். மாற்றுச் சான்றிதழ் எழுதுகிறேன். கேட்டவர்களுக்கு அன்றே கொடுத்துவிடுகிறேன்.

போன கிறிஸ்துமஸுக்கு முன்னால் நெல்பேட்டைக் கறிக்கடை ஒன்றில் பாயைப் பார்த்தேன். ஓட்டல்களுக்குக் கறி கொடுக்கிறார். வளைகுடாவில் இவரிடம் வாங்கிக்கொண்டிருந்தவர் இப்போது வேறு நாட்டிலிருந்து கப்பலில் இறக்கிக்கொள்கிறாராம். கடைக்கு முன்னால் ஸ்டூல் போடச் சொல்லி, டீ வரவழைத்தார். கிடைக்காரரைப் பற்றிக் கேட்டேன்.

"எனக்கு ஆடு தாரதில்லைன்னுட்டான். போய்க் கேட்டேன். 'நம்மூர்ல வெட்டுறவனுக்குத் தாரேன் பாய். கண்ணு முன்னால போயிரும், அதோட முடிஞ்சுரும்'ங்கான். அவன் சொல்றதும் சரிதான்."

கொஞ்ச நேரம் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, யாரும் கேட்டுவிடக் கூடாது என்பது போல, என் பக்கம் குனிந்தார்.

"தங்கச்சி, ஒரு தடவை அனுமதி குடுத்துட்டான்ல? அடுத்த பெருநாளைக்கு அதையே காட்டிக் கேட்டா லேசா கிடைக்கும்ல?"

"அது ஒரு தடவைக்குத்தான் பாய். அந்தத் தேதிக்கு, அந்த விமானத்துக்கு. அடுத்ததுக்குப் புதுசா கேக்கணும்."

"அப்ப மறுபடியும் முதல்லருந்தா?"

"முதல்லருந்துதான்."

"நீயிருந்தா செய்வியா?"

"மாட்டேன் பாய்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். கடைக்குள் திரும்பி, எனக்கு நெஞ்செலும்புப் பக்கமாகப் பார்த்து வெட்டச் சொன்னார்.